ஜலதோஷமா, வேறொன்றா? முஸ்லிம் மருத்துவர்கள் கேட்ட கேள்வி

நபி (ஸல்) அவர்களின் சமூகத்தில் ஒருவர் தும்மினார். அவருக்கு அல்லாஹ்வின் அருளை வேண்டி நபியவர்கள் மறுமொழி கூறினார்கள். அவர் மீண்டும் தும்மினார். இம்முறை அந்த மறுமொழி வரவில்லை. இம்மனிதருக்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்று கூறினார்கள். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. மூன்றாம் தும்மலின்போதே அவ்வாறு கூறினார்கள் என்று திர்மிதியின் ஓர் அறிவிப்பு சொல்கிறது.

தும்மியவருக்குப் பதில் கூறும் ஒழுக்கத்தை விளக்கவே இந்த ஹதீஸ் பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் அதனுள் ஒரு நுட்பமான கவனிப்பும் உள்ளது. ஒற்றைத் தும்மல் உடலின் இயல்பு. அடுத்தடுத்து வரும் தும்மல் ஒரு நோயின் அடையாளம். அந்த நோய்க்கு ஒரு பெயரும் உண்டு: ஸுகாம். பிற்காலத்தில் முஸ்லிம் மருத்துவர்கள் இதே சொல்லைத் தம் நூல்களில் தனி அத்தியாயத் தலைப்பாக்கினர். தலையிலிருந்து இறங்கும் நீர் மூக்கின் வழியே வந்தால் ஸுகாம், தொண்டைக்கும் நெஞ்சுக்கும் இறங்கினால் நஸ்லா என்று இப்னு ஸீனா (980–1037) பிரித்தார். நம் தாய்மார்கள் 'நீர்க்கோவை' என்று சொல்வதும் ஏறத்தாழ இதே எண்ணத்தில் பிறந்த சொல்தான்.

ஜலதோஷம் அன்றும் இன்றும் மனிதனுக்கு மிகச் சாதாரணமாக வரும் நோய். அதற்காக ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் ஓடுபவர் எவருமில்லை, ஓடவும் தேவையில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பெரிய நோய்கள் பலவும் முதல் ஓரிரு நாள்களில் ஜலதோஷத்தின் வேடத்திலேயே வருகின்றன. காய்ச்சல், தொண்டை வலி, உடல் அசதி, தலைபாரம் ஆகியவை இரண்டுக்கும் பொது. அவற்றோடு ஒட்டாத ஏதோ ஓர் உணர்வு மட்டும் கூடவே இருக்கும். நோயாளி அதைச் சொல்லத் தயங்குவார், அல்லது சொல்லத் தகுந்ததென்று எண்ணமாட்டார். அந்த ஒட்டாத உணர்வைத் தேடிப் பிடிப்பதையே மருத்துவத்தின் பாதி வேலையாகக் கொண்டிருந்த ஒருவர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார்.

அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸி, இன்றைய டெஹ்ரானை ஒட்டியிருந்த ரய் நகரில் ஹிஜ்ரி 251இல் (கி.பி. 865) பிறந்தவர். ரய் நகர மருத்துவமனைக்கும் பின்னர் பக்தாத் மருத்துவமனைக்கும் தலைவராக இருந்தார். அவருடைய தத்துவக் கருத்துகள் சிலவற்றை மார்க்க அறிஞர்கள் கடுமையாக மறுத்துள்ளனர்; அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அவருடைய மருத்துவ நூல்களைக் கிழக்கும் மேற்கும் பல நூற்றாண்டுகள் படித்தன.

அவற்றுள் அளவில் சிறியது 'கிதாபுல் ஜுதரீ வல் ஹஸ்பா' என்னும் நூல். பெரியம்மையையும் தட்டம்மையையும் பற்றியது. 1498இல் வெனிஸ் நகரில் லத்தீனில் அச்சேறியது; 1766இல் லண்டனில் அரபு மூலம் லத்தீன் பெயர்ப்புடன் வெளிவந்தது; 1848இல் ஆங்கிலத்துக்குப் போனது. இவ்வளவு நெடுங்காலம் அதை வாழவைத்ததில் அதன் மூன்றாம் அத்தியாயத்துக்குப் பெரும் பங்கு உண்டு. உடலில் ஒரு கொப்புளம்கூடத் தோன்றுமுன்பே அம்மை வரப்போகிறது என்பதை எப்படி அறிவது என்பதே அந்த அத்தியாயத்தின் பொருள்.

அங்கே அவர் தொகுக்கும் குறிகளைப் பாருங்கள். தொண்டையிலும் நெஞ்சிலும் வலி, இருமல், சிறிய மூச்சுத் திணறல், குரல் கம்முதல், வாய் உலர்தல், கெட்டியான எச்சில், தலைவலி, தலைபாரம், கொட்டாவி, நெட்டி முறித்தல். இதுவரை படித்தால் எந்த வீட்டிலும் மழைக்காலத்தில் காணும் சளிக்காய்ச்சல்தான். ஆனால் அவர் இவற்றைத் தொடக்கத்தில் வைக்கவில்லை. முதலில் அவர் கேட்பது வேறு: காய்ச்சல் விடாமல் நிற்கிறதா? முதுகு வலிக்கிறதா? மூக்கினுள் அரிப்பு உண்டா? உறக்கத்தில் திடுக்கிட்டு அஞ்சுகிறாரா? அதன் பிறகு, உடல் முழுவதும் குத்துவதுபோன்ற உணர்வு, கண்களிலும் கன்னங்களிலும் சிவப்பு. காய்ச்சலோடு சேர்ந்த முதுகுவலியைப் பெரியம்மைக்கே உரிய குறியாகத் தனித்து நிறுத்துகிறார். குமட்டலும் மனக்கலக்கமும் மிகுந்திருந்தால் அது தட்டம்மையின் பக்கம் சாய்கிறது என்கிறார்.

பெரியம்மையை நேரில் கண்டு எழுதிய இருபதாம் நூற்றாண்டு மருத்துவ நூல்களும் இதையே சொல்கின்றன. கொப்புளம் தோன்றுவதற்கு இரண்டு முதல் நான்கு நாள்களுக்கு முன் கடுங்காய்ச்சல், தலைவலி, தாங்கவொண்ணா முதுகுவலி. அம்மை ஏன் வருகிறது என்பதற்கு ராஸி தந்த விளக்கம், இரத்தம் நுரைத்துப் புளிப்பது என்பது, முற்றிலும் தவறாகிப் போனது. கிருமி என்ற ஒன்றை அவர் அறியார். ஆனால் முதுகுவலியைப் பற்றிய கவனிப்பு, 1980இல் பெரியம்மை உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்படும் நாள்வரை உண்மையாகவே நின்றது.

முன்கூட்டியே அறிவதில் அவருக்கு ஏன் அவ்வளவு அக்கறை? பெரியம்மை கண்களைக் குருடாக்கும் நோய். கொப்புளம் கண்ணில் இறங்கிய பின் செய்வதற்கு அதிகமில்லை. எனவே குறிகள் தென்பட்டவுடனேயே கண்ணையும் தொண்டையையும் மூட்டுகளையும் காக்கும் முறைகளுக்கென்று அந்நூலில் தனி இடம் ஒதுக்கினார். ஓரிரு நாள் முந்துவது ஒரு பிள்ளையின் பார்வையைக் காக்கலாம் என்பது அவருடைய எண்ணம்.

இத்தகைய உணர்வுகளை நோயாளிதான் சொல்லவேண்டும். மூக்கின் அரிப்பையும் உடம்பில் ஊசி குத்துவதையும் நாடி பிடித்துக் கண்டுகொள்ள இயலாது. ராஸியின் மருத்துவ அவை எப்படி நடந்தது என்பதை ஹிஜ்ரி 377இல் 'அல்ஃபிஹ்ரிஸ்த்' நூலைத் தொகுத்த இப்னுந் நதீம், ரய் நகரத்து முதியவர் ஒருவர் கூறியதாகப் பதிந்திருக்கிறார். ராஸியின் முன் அவருடைய மாணவர்கள் அமர்ந்திருப்பர். அவர்களுக்கு முன் அந்த மாணவர்களின் மாணவர்கள். அவர்களுக்கும் முன் மற்றொரு வரிசை. வரும் நோயாளி, தாம் முதலில் சந்திப்பவரிடம் தமக்கு என்ன செய்கிறது என்பதை விவரிப்பார். அவர்களுக்குத் தெரிந்தால் சரி. தெரியாவிடில் அடுத்த வரிசை. அவர்களும் கண்டுபிடிக்காவிடில் ராஸி பேசுவார். நோயாளியின் சொல்லே முதலில் வருகிறது, மருத்துவரின் சொல் கடைசியில் வருகிறது. எனக்கு இந்த அமர்வு முறை மிகவும் பிடித்திருக்கிறது. இன்றைய வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்களுக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அத்தனை ஏற்பாடுகள் இருந்தும் ஒருமுறை கேள்வி ஒன்று விடுபட்டது. அதை ராஸியே எழுதிவைத்திருக்கிறார்.

அவருடைய குறிப்புகள் அவர் மறைவுக்குப் பிறகு 'அல்ஹாவீ' என்னும் பெருந்தொகுப்பாயின. 1279இல் லத்தீனில் பெயர்க்கப்பட்ட இந்நூலின் அரபு மூலம், நம் நாட்டில் ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் வெளியீடாக 1955 முதல் பல தொகுதிகளாக அச்சேறியது. அதில் அவர் பார்த்த நோயாளிகள் முப்பத்துச் சொச்சம் பேரின் வரலாறுகள் உள்ளன. அவர்களுள் ஒருவர் அப்துல்லாஹ் இப்னு ஸவாதா.

அவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. ஒருமுறை நாள்தோறும், ஒருமுறை ஒருநாள் விட்டு ஒருநாள், சில வேளை நான்காம் நாள் காய்ச்சலாக, சில வேளை ஆறு நாளுக்கு ஒருமுறை. முன்னதாக இலேசான குளிர் நடுக்கம். அடிக்கடி சிறுநீர். அக்காலத்தில் முறைக்காய்ச்சல் மிகச் சாதாரணம். அவருக்கு முன்பும் வந்திருந்தது. ஆகவே இது நான்காம் நாள் முறைக்காய்ச்சலாக மாறும், அல்லது சிறுநீரகத்தில் புண் இருக்கலாம் என்று ராஸி இரண்டு வழிகளையும் திறந்து வைத்தார். சில நாள்களில் சிறுநீரில் சீழ் வந்தது. சிறுநீரகப் புண்தான் என்பது அதன் பிறகே உறுதியாயிற்று.

தாம் ஏன் முன்பே உறுதியாகச் சொல்லவில்லை என்பதை ராஸி வரிவரியாக ஆராய்கிறார். எழுந்து நிற்கும்போது இடுப்பிலிருந்து ஏதோ ஒரு பாரம் தொங்குவதுபோல் இருக்கிறதென்று நோயாளி சொல்லவில்லை. தாமும் அதைக் கேட்கத் தவறிவிட்டார். அடிக்கடி சிறுநீர் போவது ஐயத்தை வலுப்படுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவருடைய தந்தைக்கும் நீர்ப்பை பலவீனம் இருந்தது என்பதும், நலமாக இருக்கும்போதே இவருக்கும் அந்தத் தொல்லை வருவதுண்டு என்பதும் குறுக்கிட்டன. சீழ் வெளிப்பட்ட பின் ராஸி கேட்டார்: இடுப்பில் அப்படியொரு பாரம் இருந்ததா? ஆம், இருந்தது என்றார் அப்துல்லாஹ். அவர் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முழுநலம் பெற்றார், அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் பதில் சீழ் வருவதற்கு முன்பே கிடைத்திருந்தால் மருத்துவரின் எண்ணம் வேறு திசையில் சென்றிருக்கும். அப்துல்லாஹ் அதைப் பொய்யாக மறைக்கவில்லை. புண் சிறியது, ஆகையால் பாரமும் சிறியது, சொல்லவேண்டியதாக அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவே.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. வலியைச் சொல்வது ஸப்ருக்கு மாறானது என்ற எண்ணம். குறிப்பாகப் பெரியவர்களிடமும் பெண்களிடமும் இதைக் காணலாம். என்ன செய்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லை, இலேசான சளி, அல்லாஹ் போதுமானவன் என்று பதில் வரும். உம்மு ஸாயிப் (ரலி) அவர்களிடம், காய்ச்சலை ஏசாதீர்கள், உலை இரும்பின் அழுக்கைப் போக்குவதுபோல் அது மனிதரின் பாவங்களைப் போக்குகிறது என்ற கருத்தில் நபியவர்கள் கூறிய செய்தி முஸ்லிமில் உள்ளது. அதை உணர்ந்து பொறுமை கொள்வோர் நற்கூலிக்கு உரியவர்கள், ஐயமில்லை. ஆனால் ஏசாமல் இருப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு. இமாம் புகாரி (ரஹ்) தம் ஸஹீஹில் நோயாளிகளைப் பற்றிய பகுதியில், எனக்கு வலிக்கிறது என்றும் என் தலையே என்றும் கூற நோயாளிக்கு உள்ள அனுமதி பற்றித் தனியாகவே ஒரு பாடம் அமைத்தார். ஆயிஷா (ரலி) தம் தலைவலியைச் சொல்லி அரற்றியதும், நபியவர்கள் தமக்கும் தலை வலிப்பதைக் கூறியதும் அங்கே இடம்பெறுகின்றன. கடுங்காய்ச்சலில் இருந்த நபியவர்களை இப்னு மஸ்ஊத் (ரலி) காணவந்தபோது, உங்களில் இருவருக்கு வரும் அளவு எனக்கு வருகிறது என்ற பொருள்பட நபியவர்கள் விடையளித்தார்கள். நோயின் அளவைக்கூடச் சொன்னார்கள். அய்யூப் (அலை) அவர்களும் தம்மைத் துன்பம் தீண்டியதை இறைவனிடம் எடுத்துரைத்தார்கள் என்று அல்அன்பியா அத்தியாயம் கூறுகிறது. அவர்களைவிடப் பொறுமைக்கு எடுத்துக்காட்டு யார்? சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கிராமப்புற அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்து உண்டு என்ற கருத்தில் நபியவர்கள் கூறியதை உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கிறார். அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. சொல்லாத நோய்க்கு யார் மருந்து தருவது?

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. விந்தையான உணர்வு எல்லாமே பெருநோய் ஆகிவிடாது. பல்க் நகரத்து அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ என்பவருக்கு இளவேனில் வந்து ரோஜாவை முகர்ந்தாலே ஜலதோஷம் பிடிக்கும். அதன் காரணத்தை விளக்க ராஸி ஒரு தனிச் சிறுநூலே எழுதினார். இன்று ஒவ்வாமை என்கிறோம். காய்ச்சல் இல்லாமல், ஆண்டுதோறும் அதே பருவத்தில், கண்ணும் மூக்கும் அரித்துத் தும்மல் வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ரோஜாவிடமிருந்து சற்று விலகி இருந்தால் போதும்.

அஞ்சவேண்டிய இடத்தையும் ராஸி காட்டியிருக்கிறார். மூளையின் உறைகள் அழன்று வீங்கும் நோயை அக்கால மருத்துவர்கள் ஸர்ஸாம் என்றனர். இன்றைய மூளைக்காய்ச்சலோடு அது பெரிதும் ஒத்தது. தலையிலும் கழுத்திலும் வலியும் பாரமும் மூன்று நான்கு நாள்களுக்கு மேல் நீடித்து, கண்கள் வெளிச்சத்தைத் தாங்காமல் நீர் வடித்து, உறக்கம் கெட்டு, கொட்டாவியும் நெட்டி முறித்தலும் மிகுந்து, உடல் மிகவும் சோர்ந்தால் நோயாளி ஸர்ஸாமை நோக்கிப் போகிறார் என்று அல்ஹாவீயில் எழுதினார். அதற்கு இரத்தம் எடுப்பதே வழி என்று கருதினார். ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு கூட்டத்தாருக்கு இரத்தம் எடுத்தும், மற்றொரு கூட்டத்தாருக்கு எடுக்காமலும் விட்டு ஒப்பிட்டார். மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இந்த ஒப்பீட்டை இன்றும் வியந்து பேசுகிறார்கள். எடுக்காதவர்களுக்கெல்லாம் ஸர்ஸாம் வந்தது என்று அவர் முடித்தாலும், அந்தச் சிகிச்சையை இன்று எவரும் ஏற்பதில்லை. கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலுக்கு உடனடியாக நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலுத்த வேண்டும், அதுவும் மருத்துவமனையில். ஆனால் கழுத்து வலியும் வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசுவதும் இன்றும் அதே எச்சரிக்கையாகவே பாடநூல்களில் நிற்கின்றன. மரபு மருத்துவம் என்ற பெயரில் எல்லா நோய்க்கும் ஹிஜாமா கிண்ணத்தை எடுத்து நீட்டுவோர் இந்த வேறுபாட்டைச் சற்று எண்ணிப்பார்க்கலாம். ராஸியின் கத்தி காலாவதியாகிவிட்டது. ராஸியின் கேள்வி ஆகவில்லை.

இந்த நோய் நம் சமுதாயத்துக்கு அயலானது அன்று. 1987ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மெனிங்கோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல் பரவியது. ஹாஜிகள் திரும்பிச் சென்ற நாடுகளிலும் நோயாளிகள் தோன்றினர். அதன்பின் சவூதி அரசு தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. அத்தடுப்பூசி காக்காத வேறொரு வகைக் கிருமி 2000, 2001ஆம் ஆண்டுகளின் ஹஜ்ஜில் பரவவே, நான்கு வகைகளுக்கும் சேர்த்த தடுப்பூசி கட்டாயமாயிற்று. இன்று ஹஜ், உம்ரா செல்வோர் போட்டுக்கொள்ளும் ஊசி அதுதான். ஊசி போடும் முகாமில் வரிசையில் நிற்கும் பலருக்கும் அது எதற்கென்று தெரிவதில்லை.

மினாவிலிருந்து இருமலும் தொண்டைக் கட்டும் இல்லாமல் திரும்பும் ஹாஜி அரிது. அந்தக் கூட்டத்தில் வேறு நோயும் ஒளிந்திருக்கலாம் என்பதால்தான் குறிகளை அறிந்திருக்க வேண்டியுள்ளது. காய்ச்சலோடு கடுந்தலைவலி, தாடையை நெஞ்சில் தொடுமாறு குனிய முடியாமல் கழுத்து விறைத்தல், வெளிச்சம் பொறுக்காமை, பேச்சில் தடுமாற்றம், குழப்பம். இவை வருமுன்பே சிலருக்குக் கால்கள் வலிக்கும், காய்ச்சல் கொதிக்கும்போதே கையும் காலும் சில்லிடும், தோலின் நிறம் வெளிறும். செந்நிற அல்லது ஊதாப் புள்ளிகள் தோன்றி, கண்ணாடிக் குவளையை வைத்து அழுத்தினாலும் மறையாவிட்டால் ஒரு மணி நேரமும் காத்திருத்தலாகாது. இந்நோய் ஒரே நாளில் உயிரைக் கொள்ளக்கூடியது.

நெஞ்சைப் பற்றியும் ஒரு சான்று தரவேண்டும். இது மருத்துவர் ஒருவரிடமிருந்து வருவதன்று. இந்தியக் கோஷ்டத்தை தாத்துல் ஜன்பு என்னும் விலா நோய்க்குப் பயன்படுத்தலாம் என்ற கருத்தில் உம்மு கைஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. ஹிஜ்ரி 751இல் (கி.பி. 1350) திமிஷ்கில் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) நபிவழி மருத்துவத்தைப் பற்றி எழுதும்போது இந்த இடத்தில் நின்று நிதானிக்கிறார். விலாவில் வலிப்பதெல்லாம் ஒன்றன்று என்கிறார். ஒன்று, விலாவின் உட்புற உறையில் அழற்சி ஏற்படும் உண்மையான தாத்துல் ஜன்பு. மற்றொன்று, காற்று அடைபட்டு அதே இடத்தில் வரும் வலி. கோஷ்டம் இரண்டாவதற்கே என்று விளக்கும் அவர், முதலாவதை அறிய மருத்துவர்கள் கூறும் ஐந்து குறிகளைத் தருகிறார்: காய்ச்சல், இருமல், குத்தும் வலி, மூச்சு முட்டுதல், மரமறுக்கும் வாளின் பற்களைப்போல் ஏறியிறங்கும் நாடி.

ஒரு ஹதீஸ் விளக்கவுரையாளர் மருந்தை எடுத்து நீட்டுமுன், இது அந்த நோய்தானா என்று கேட்கிறார். நபிமொழியின் மீதுள்ள பற்றே அவரை அவ்வாறு கேட்கச் செய்தது. தவறான நோய்க்குக் கொடுத்துவிட்டுப் பலனில்லை என்று ஹதீஸைக் குறைகூறும் நிலை வரக்கூடாதல்லவா? வாட்ஸ்அப் குழுக்களில் எல்லா இருமலுக்கும் ஒரே கருஞ்சீரகக் குறிப்பை அனுப்புவோருக்கும் இப்னுல் கய்யிமுக்கும் இடையே நீண்ட தொலைவு இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது கத்தியால் குத்துவதுபோல் நெஞ்சிலோ விலாவிலோ வலித்தால், இன்றைய மருத்துவர் நிமோனியாவையும் நுரையீரல் இரத்தக்குழாயில் கட்டி அடைப்பதையும் எண்ணிப் பார்ப்பார். நீண்ட விமானப் பயணத்துக்குப் பின், ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ இருந்து, இவ்வாறு மூச்சு முட்டினால் பின்னதை முதலில் எண்ண வேண்டும்.

புதிய விந்தைக் குறிகளும் வந்துகொண்டேதான் இருக்கும். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மூக்கு அடைக்காமலேயே மணம் தெரியவில்லை என்று பலர் சொல்லத் தொடங்கினர். ஜலதோஷத்தில் மணம் தெரியாமல் போவது பழைய செய்தி. மூக்கு திறந்திருக்கும்போதே அத்தர் மணக்காமல் போவதுதான் புதிது. முதலில் நோயாளிகள் சொன்னார்கள், பிறகு மருத்துவர்கள் எண்ணினார்கள், 2020 ஜூன் மாதம் இந்திய நலவாழ்வு அமைச்சகம் மணமும் சுவையும் இழத்தலைக் கொரோனாவின் குறிகளில் சேர்த்தது. ராஸியின் அவையில் வெளிவரிசையில் அமர்ந்தவர் கேட்டுக்கொண்டது, நாடு முழுவதற்கும் உரிய விதியாகி வந்ததுபோல் இருக்கிறது.

இன்னொன்று அரிது, ஆயினும் தெரிந்திருப்பது நல்லது. சளிக்காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ தணிந்து சில நாள்கள் அல்லது வாரங்கள் சென்றபின் இரு பாதங்களிலும் ஊசி குத்துவதுபோன்ற மரப்புத் தொடங்கி, கால்கள் தளர்ந்து, அது மேல்நோக்கி ஏறினால் அது சளியின் எச்சம் அன்று. குய்லன் பாரே என்னும் நரம்பு நோயாக இருக்கலாம். மூச்சுத் தசைகள்வரை ஏறக்கூடியது என்பதால் அன்றே மருத்துவமனை சென்றாக வேண்டும். முகத்தின் ஒரு பக்கம் தொங்கினாலும், ஒரு கை மட்டும் மரத்துப்போனாலும், பேச்சு குழறினாலும் அதே விரைவு வேண்டும்.

மற்றபடி சாதாரண ஜலதோஷம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஏழு முதல் பத்து நாளில் தணிந்துவிடும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், அல்லது நன்றாகத் தேறி வந்தவருக்குத் திரும்பவும் காய்ச்சல் ஏறினால், ஊர் மருத்துவரிடம் காட்டுவது தகும்.

மருத்துவர் கிடைக்காதவர்களுக்காகவும் ராஸி ஒரு நூல் எழுதினார்: 'மன் லா யஹ்ளுருஹுத் தபீப்'. அருகில் மருத்துவர் இல்லாத எளியோர் வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்கவற்றைக் கூறுவது. அரசரின் மருத்துவராக இருந்தவர் ஏழைகளுக்காக எழுதினார் என்பதே அந்நூலின் சிறப்பு. நம் காலத்தில் மருத்துவர் இல்லாத ஊர் குறைவு. இரவு பதினொரு மணிக்குப் போகலாமா வேண்டாமா என்ற தயக்கமே மிகுதி.

தம் உணர்வைச் சொல்லத் தெரியாதவர்கள் இருவர்: கைக்குழந்தையும், மறதி கண்ட முதியவரும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், வேறெந்தக் குறியும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பால் குடிக்க மறுத்தாலும், மூச்சு விடும்போது விலா உள்வாங்கினாலும், எழுப்பினால் விழிக்காவிட்டாலும் எந்த வயதுக் குழந்தைக்கும் அது அவசரம். முதியவருக்குக் காய்ச்சலே ஏறாமல் நிமோனியா வரலாம்; திடீரென்று குழம்பிப் பேசுவதும், தொழுகையில் ரக்அத்தை மறந்து தடுமாறுவதும், காரணமின்றி விழுவதும் அவர்களுடைய குறிகளாக இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்.